பல்வங்கர் பாலுவும் 1911-இன் இந்திய அணியும்

இந்தியக் கிரிக்கெட் அணியின் வரலாற்றை 1932 ஜூன் 25-இல் தொடங்குவதே வழக்கம். அன்று லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் சி.கே. நாயுடுவின் தலைமையில் இந்தியா தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியது. பதிவேடுகளைப் பொறுத்தவரை இது சரியான தொடக்கமே. ஆனால், இந்தியா என்னும் பெயரைத் தாங்கிய ஓர் அணி அதற்கு 21 ஆண்டுகள் முன்னரே இங்கிலாந்து சென்று ஆடித் திரும்பியிருக்கிறது. அவ்வணியின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஒரு தலித். பல்வங்கர் பாலு என்பது அவர் பெயர்.

அதற்கு முன் 1886-லும் 1888-லும் இங்கிலாந்து சென்றவை பார்சிகளின் அணிகள். அவை நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. 1903-ஐ ஒட்டி ஓர் அனைத்திந்திய அணியை அனுப்பும் முயற்சி நடந்தது. இந்துக்கள் எத்தனை பேர், பார்சிகள் எத்தனை பேர், முஸ்லிம்கள் எத்தனை பேர் என்னும் பங்கீட்டில் உடன்பாடு எட்டாமல் அது முறிந்தது. பின்னர் வங்கப் பிரிவினையும் சுதேசி இயக்கமும் வந்தன. 1909-இல் லண்டனிலேயே கர்சன் வில்லியை மதன்லால் திங்ரா சுட்டுக் கொன்றார். ஆங்கிலேயப் பொதுமக்களிடையே இந்தியரைப் பற்றி எழுந்திருந்த ஐயத்தைப் போக்க ஒரு கிரிக்கெட் அணி உதவும் என்று செல்வந்தர்களும் சமஸ்தான மன்னர்களும் கருதினர். ஆக, முதல் இந்திய அணியைச் சாத்தியமாக்கியது தேசிய உணர்வு அன்று; பேரரசின் மீதான விசுவாசத்தைக் காட்ட வேண்டிய தேவையே.

அணியின் அமைப்பும் அதற்கேற்பவே இருந்தது. ஆறு பார்சிகள், ஐந்து இந்துக்கள், மூன்று முஸ்லிம்கள். தலைவராக 19 வயதுச் சீக்கியரான பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். அந்த ஐந்து இந்துக்களில் இருவர் பாலுவும் அவர் தம்பி சிவராமும். சமார் சாதியில் பிறந்த அவர்கள் எண்ணிக்கைக் கணக்கில் இந்துக்கள். பந்தியில் அவர்களின் இடம் எதுவாக இருந்தது என்பதைப் பாலுவின் வாழ்க்கை சொல்கிறது.

1876-இல் தார்வாரில் பிறந்த பாலுவின் தந்தை இராணுவத்தில் பணிபுரிந்தவர். புனேயில் ஒரு பார்சி கழகத்தில் ஆடுகளத்தைப் பெருக்கிச் சமன்செய்யும் வேலை பாலுவுக்குக் கிடைத்தது. மாதச் சம்பளம் மூன்று ரூபாய். பிறகு ஐரோப்பியரின் பூனா ஜிம்கானாவுக்கு மாறினார். அங்கே வலைப்பயிற்சியில் ஜே.ஜி. கிரெய்க் போன்ற மட்டையாளர்களுக்கு நாள்தோறும் பந்து வீசியே தம் இடக்கைச் சுழற்பந்தைச் செம்மைப்படுத்திக்கொண்டார். மட்டையை அவர் கையில் அவர்கள் கொடுத்ததில்லை. ஐரோப்பியரை வெல்ல விரும்பிய புனே இந்துக்கள் அவரைத் தம் அணியில் சேர்த்துக்கொண்டனர். ஆனால் தேநீர் இடைவேளையில், மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் அருந்த, அவருக்கு வெளியே மண்குவளையில் தரப்பட்டது. மும்பை இந்து ஜிம்கானாவுக்கு வந்தபின் உடனுண்ணும் தடை தளர்ந்தது. 1906-இல் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றபோது அதில் அவருடைய பங்கு பெரிது.

1911 பயணத்தில் அணி 14 முதல்தர ஆட்டங்கள் ஆடி, இரண்டில் வென்று, பத்தில் தோற்றது. அது ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடிய கோடைகாலம். விருந்துகளுக்கும் விழாக்களுக்கும் இடையே மகாராஜா ஆடிய ஆட்டங்கள் மிகச் சில. சுமையைத் தாங்கியவர் 35 வயதுப் பாலு. எல்லா ஆட்டங்களையும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஓர் இன்னிங்ஸில் மட்டும் எட்டு. இரு முதல்தர வெற்றிகளில் ஒன்று லெஸ்டர்ஷயருக்கு எதிராக. மற்றொன்று சோமர்செட்டுக்கு எதிராக. பின்னதில் சதம் அடித்தவர் சிவராம்.

இத்தனைக்குப் பின்னும் இந்து அணியின் தலைமை அவருக்கு அளிக்கப்படவில்லை. திறமையை ஏற்பதும் அதிகாரத்தைப் பகிர்வதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1920-இல் அவர் அணியிலிருந்தே நீக்கப்பட்டார். தம்பியர் விட்டலும் சிவராமும் எதிர்ப்புத் தெரிவித்து விலகினர். அதன் பிறகே பாலு துணைத் தலைவராகத் திரும்ப அழைக்கப்பட்டார். 1923-இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். காந்தியின் தீண்டாமை எதிர்ப்பு இயக்கம் நாடெங்கும் பேசப்பட்ட காலம் அது. இம்மாற்றத்தை அதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

பாலுவின் பிற்கால அரசியலும் எளிதில் வகைப்படுத்த இயலாதது. 1932-இல் தனித்தொகுதி விவாதத்தில் அவர் சென்னையின் எம்.சி. ராஜா பக்கம் நின்று கூட்டுத்தொகுதியை ஆதரித்தார். 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராக மும்பையில் நிறுத்தியது. அம்பேத்கர் வென்றார். இளமையில் தாம் போற்றிய ஆட்டக்காரரை எதிர்த்து அவர் போட்டியிட வேண்டியிருந்தது. மண்குவளையில் தேநீர் பெற்றவர் ஏன் காங்கிரஸ் பக்கம் நின்றார் என்று கேட்கலாம். விளையாட்டரங்கில் படிப்படியாக வென்றெடுத்த இடம், சீர்திருத்தத்தின் மீது அவருக்கு நம்பிக்கையை அளித்திருக்கக்கூடும் என்றே நான் வாசிக்கிறேன். அம்பேத்கரோ, ஒருவருக்குக் கிடைத்த இடம் அனைவருக்குமான உரிமை ஆகாது என்பதை அறிந்திருந்தார்.

1955-இல் பாலு காலமானார். அவர் டெஸ்ட் போட்டி ஆடியதில்லை. அவர் காலத்தில் இந்தியாவுக்கு அந்தத் தகுதி அளிக்கப்படவில்லை. ஆகவே டெஸ்ட் பட்டியல்களில் அவரைத் தேடுவோர் ஏமாறுவர். முதல் டெஸ்டிலிருந்து வரலாற்றைத் தொடங்குவது வசதியானது. அப்படித் தொடங்கினால் மூன்று ரூபாய்ச் சம்பளத்தையும் மண்குவளையையும் மறுக்கப்பட்ட தலைமையையும் பேச வேண்டியதில்லை. இந்திய அணி என்பது யாருடைய அணி என்னும் கேள்வி அந்த அணி உருவான நாளிலேயே பிறந்துவிட்டது. நம் விளையாட்டு வரலாறு அங்கிருந்தே எழுதப்பட வேண்டும்.