மசி

கன்னடத்தில் 'மசி' என்றால் எழுதும் மையும் உண்டு, புகைக்கரியும் உண்டு. தமிழிலும் மசி மைதான். 'இங்க்' வந்தபின் பேச்சில் அருகிவிட்டது. ஆனால் பெங்களூரில் கறுப்பு-வெள்ளைப் படம் அச்சிடும் இங்க்ஜெட்டில் பழைய பொருள் அப்படியே நிற்கிறது: அதன் நிறமிக் கறுப்பு, நுணுக்கி அரைத்த கார்பன்.

ஓலையில் எழுத்தாணியால் கீறி, மசி தடவி, மிகுந்ததைத் துடைத்துவிடுவார்கள். அச்சுத்தாளில் துடைக்க வழியில்லை. முன்பே அளவு கட்ட வேண்டும். அதுவே மை வரம்பு. 0 முதல் 100 விழுக்காடு வரை ஐந்தைந்தாகக் கட்டங்கள் அச்சிட்டு, நன்றாகக் காயவிட்டு (மழைக்கால ஈரத்தில் அவசரம் ஆகாது), டென்சிட்டோமீட்டரால் அளக்க வேண்டும். ஓரிடத்துக்குப் பின் கட்டங்கள் மேலும் கறுக்காது. சில தாள்களில் வெளிறக்கூடச் செய்யும், மை ஊறிப் பரவும். வரம்பை அதற்குச் சற்று முன்னே வைப்பதே நல்லது. மேட் தாளில் அடர்த்தி ஏறத்தாழ 1.6 எட்டினால் போதும். பளபளப்புத் தாள் 2-ஐத் தாண்டும். குவாட்டோன்ரிப் மென்பொருளில் ஒவ்வொரு சாம்பல் மைக்கும் தனி வரம்பு இடலாம்.

1962 முதல் மைசூரில் தயாராகும் தேர்தல் மை, கண்டிப்பாகச் சொன்னால், மசியே அல்ல. அதிலுள்ள வெள்ளி நைட்ரேட் வெளிச்சம் பட்டுக் கறுக்கிறது; பழைய ஃபோட்டோத் தாளைக் கறுக்க வைத்ததும் வெள்ளி உப்புதான்.