இரண்டு இதயம் கொண்ட ராஜகுமாரி

குழந்தைகள் பூமியில் வந்து பிறப்பதற்கு முன்னால் தேவலோகத்தில் வரிசையாக நிற்கின்றன. ஆணாகப் பிறக்க வேண்டிய குழந்தைக்கு நீல இதயமும், பெண்ணாகப் பிறக்க வேண்டிய குழந்தைக்குச் சிவப்பு இதயமும் விழுங்கக் கொடுக்கிறார்கள். டிங்க் என்ற குறும்புக்காரத் தேவச் சிறுவன் ஒருவன், விளையாட்டாக ஒரு குழந்தையின் வாயில் நீல இதயத்தைப் போட்டுவிடுகிறான். சற்று நேரத்தில் அதே குழந்தைக்குக் கடவுள் சிவப்பு இதயத்தைக் கொடுத்துப் பூமிக்கு அனுப்பிவிடுகிறார். இப்படி இரண்டு இதயங்களோடு பிறந்தவள்தான் வெள்ளி நாட்டு ராஜகுமாரி ஸஃபையர்.

அந்த நாட்டில் ஆண்பிள்ளைதான் பட்டத்துக்கு வரலாம் என்று சட்டம். ராஜாவுக்கோ பிறந்தது பெண். சிம்மாசனத்தின் மேல் கண் வைத்திருக்கும் பிரபு ஒருவன் பக்கத்திலேயே காத்திருக்கிறான். வேறு வழியில்லாமல், பெண்ணை ஆண் என்று ஊரெல்லாம் சொல்லி வளர்க்கிறார்கள். ஊரார் முன்னால் உடைவாளும் தொப்பியுமாக ராஜகுமாரன். தனிமையில் கவுன் போட்டுக்கொண்டு பூப்பறிக்கிற ராஜகுமாரி.

இந்தக் கதை 1953-ம் வருஷம் ஜனவரியில், "ஷோஜோ கிளப்" என்ற ஜப்பானியச் சிறுமியர் பத்திரிகையில் சித்திரத் தொடர்கதையாக வெளிவரத் தொடங்கியது. எழுதி வரைந்தவர் ஒஸாமு தெஸூகா. வைத்தியப் படிப்புப் படித்துவிட்டுப் படம் போடப் போனவர். அப்போது அவருக்கு வயது 24. கதைக்கு அவர் வைத்த பெயருக்கு "ரிப்பன் கட்டிய வீரன்" என்று அர்த்தம் சொல்லலாம். 1967-ல் இது டெலிவிஷனில் வண்ணப் படமாக 52 வாரங்கள் ஓடியது.

கையால் வரைந்த சித்திரங்களை உயிர்பெற்று நடமாட வைக்கும் ஜப்பானியப் படங்களை இன்று உலகம் முழுவதும் அனிமே என்று சொல்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த வார்த்தை தெரியும். அவற்றில் வரும் பெண்கள் வாள் பிடிக்கிறார்கள், விமானம் ஓட்டுகிறார்கள், பூதங்களோடு பேரம் பேசுகிறார்கள். கதாநாயகனுக்காக ஜன்னலோரம் காத்திருப்பதில்லை. இந்தப் பெண்களின் வம்சாவளியைத் தேடிக்கொண்டு போனால், இரண்டு இதயக்காரியின் அரண்மனை வாசலில் கொஞ்ச நேரமாவது நிற்காமல் போக முடியாது. அங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஸஃபையரின் வீரம் எந்த இதயத்திலிருந்து வந்தது? தெஸூகாவின் பதிலில் மழுப்பல் இல்லை. நீல இதயம் போனவுடன் அவள் கை சோர்ந்துவிடுகிறது. வாள் சுழற்றியவள் துவண்டு போகிறாள். அதாவது, அவளுடைய தைரியம் இரவல் சரக்கு. ஜப்பானியக் கதாநாயகியிடமிருந்து இந்த இரவலைக் கழற்றி எறிய முப்பது வருஷம் ஆயிற்று.

தெஸூகாவைக் குறை சொல்வதற்கு முன்னால் அவர் வளர்ந்த ஊரைப் பார்க்க வேண்டும். ஐந்து வயது முதல் அவர் வளர்ந்தது ஒஸாகாவுக்கு அருகிலுள்ள தகராஸூகா என்ற வெந்நீர் ஊற்று ஊரில். இசிஸோ கொபயாஷி என்பவர் அந்த ஊர் வரைக்கும் மின்சார ரயில் விட்டார். ரயில் விட்டால் போதுமா? ஏற ஆள் வேண்டுமே! ஜனங்களை இழுப்பதற்காக அங்கே கட்டடத்துக்குள்ளேயே ஒரு நீச்சல் குளம் கட்டினார். தண்ணீரோ ஐஸ் மாதிரி இருந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிக்கவும் அனுமதி இல்லை. குளம் படுத்துவிட்டது. மனிதர் சளைக்கவில்லை. குளத்தின் மேல் பலகை அடித்தார். சிறு பெண்களைச் சேர்த்துப் பாட்டும் ஆட்டமும் கற்றுக் கொடுத்தார். 1914-ம் வருஷம் ஏப்ரலில் முதல் நாடகம் அரங்கேறியது. ரயில் டிக்கெட் விற்பதற்காகத் தொடங்கிய அந்தக் கோஷ்டி, நூறு வருஷம் தாண்டி இன்றும் நடக்கிறது.

அதன் விசேஷம், எல்லா வேஷமும் பெண்களே கட்டுவதுதான். இதன் ருசி தெரிய வேண்டுமானால் ஒரு பழைய செய்தி தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானின் பேர்பெற்ற கபுகி நாடகத்தைத் தொடங்கி வைத்தவர்கள் பெண்கள். 1629-ல் அரசாங்கம் பெண்கள் மேடையேறக் கூடாது என்று தடை போட்டது. அதிலிருந்து கபுகியில் ஆண்களே பெண் வேஷம் கட்டி வந்தார்கள். ஏறக்குறைய முந்நூறு வருஷம் கழித்து, ஒரு ரயில்காரரின் புண்ணியத்தில் கதை தலைகீழாயிற்று. தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, கால்சராய் மாட்டி, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு பெண்கள் ராஜகுமாரர்களாக வந்து நின்றார்கள். பார்க்க வந்த பெண்கள் அவர்கள் மேல் மயங்கிப் போனார்கள். பக்கத்து ஆண்பிள்ளையிடம் இல்லாத மென்மையும் மரியாதையும் இந்த மேடை ஆண்பிள்ளையிடம் இருந்தது காரணமாக இருக்கலாம்.

சிறுவன் தெஸூகாவை அவருடைய தாயார் இந்த நாடகங்களுக்கு அழைத்துப் போவாராம். வாள் ஏந்திய அந்தப் பெண் ராஜகுமாரர்கள்தான் பின்னால் ஸஃபையராக வந்து பிறந்தார்கள். ஆனால் கொபயாஷியின் மேடைக்கு ஒரு நிபந்தனை இருந்தது, இன்றும் இருக்கிறது. நடிகைக்குக் கல்யாணம் ஆனால் கோஷ்டியை விட்டு விலக வேண்டும். அரிதாரம் கலைந்ததும் மணவறை. ஸஃபையரின் கதையும் பிரான்ஸ் என்ற ராஜகுமாரனுக்கு அவள் மாலையிடுவதோடுதான் முடிகிறது. 1958-ல் தெஸூகா அதன் தொடர்ச்சியை வரைந்தபோது அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள்; ஆணொன்று, பெண்ணொன்று. ஆண் குழந்தை காணாமல் போகிறது. மகள் என்ன செய்கிறாள்? அண்ணன் வேஷம் போட்டுக்கொள்கிறாள்! தாய் கழற்றிய தொப்பி மகள் தலையில்.

இடையில் ஒரு வார்த்தை. 1964-ம் வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானியப் பெண்கள் கைப்பந்தில் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரு நூல் ஆலையின் தொழிலாளிகள். அந்த இறுதி ஆட்டத்தை டெலிவிஷனில் பார்த்தவர்கள் 66.8 சதவிகிதம் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதன் பிறகு கைப்பந்து ஆடும் பெண்களைப் பற்றிய சித்திரக் கதைகள் கிளம்பின. அவற்றில் ஒன்று 1969-ல் அனிமே ஆயிற்று. வேஷம் போடாமலேயே பெண் ஜெயிக்கலாம் என்பதை ஆலைத் தொழிலாளிகள் காட்டிக் கொடுத்த பிறகுதான் கதாசிரியர்களுக்குத் தோன்றியது. எங்கள் வர்க்கத்தின் லட்சணம் அது!

நீல இதயத்துக்கு முதலில் சரியான அடி கொடுத்தவர் ஒரு பெண். ரியோகோ இகெதா 1947-ல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, பிரெஞ்சு ராணி மேரி அன்டாய்னெட்டைப் பற்றி ஸ்டெஃபான் ஸ்வைக் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படித்தார். அதை ஒருநாள் கதையாக்கிவிடுவது என்று மனத்தில் வைத்துக்கொண்டார். சரித்திரக் கதை சிறுமிகளிடம் எடுபடாது என்று பத்திரிகை ஆசிரியர்கள் தயங்கினார்கள். 1972-ம் வருஷம் மே மாதம் "மார்கரெட்" வாரப் பத்திரிகையில் "வெர்ஸேல்ஸ் ரோஜா" தொடங்கியது. இகெதாவுக்கும் அப்போது வயது 24-தான்.

ராணியைப் பற்றி எழுத உட்கார்ந்தவர், ராணிக்குக் காவலாக ஆஸ்கார் என்ற அதிகாரியைப் படைத்தார். ஆறு பெண்களில் கடைசிப் பெண். பிள்ளை இல்லாத ஏக்கத்தில் ஜெனரல் தகப்பனார் ஆண்பெயர் வைத்து, வாள் பழக்கி வளர்த்தவள். மேலோட்டமாகப் பார்த்தால் ஸஃபையரின் தங்கை என்றே தோன்றும். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஆஸ்கார் எதையும் மறைக்கவில்லை. அவள் பெண் என்பது அரண்மனை முழுவதற்கும் தெரியும், சிப்பாய்களுக்கும் தெரியும். தேவலோகத்து நீல இதயம் எதுவும் அவளிடம் இல்லை. பயிற்சி இருந்தது, புத்தி இருந்தது, அவ்வளவுதான். பாத்திரம் கைமீறி வளர்வது என்றால் என்ன என்று நாவல் எழுதியவர்களுக்குத் தெரியும். துணைப் பாத்திரமாக வந்தவளை வாசகிகள் கதாநாயகியாக்கிவிட்டார்கள். ராணி பின்னால் போய்விட்டாள்.

பிற்பாடு தகப்பனாருக்கே பயம் வந்து, "போதும், கல்யாணம் பண்ணிக்கொள்" என்கிறார். அவள் மறுத்துவிடுகிறாள். பெண்ணாகப் பிறந்தும் இத்தனை பெரிய உலகத்தைக் காண வைத்ததற்காக அவருக்கு நன்றியும் சொல்கிறாள். அந்த இடம் மிக நன்றாக வந்திருக்கிறது. வளர்த்தது தகப்பனாரின் சுயநலம். கிடைத்ததோ அவளுடைய வாழ்க்கை. இரண்டையும் அவள் குழப்பிக்கொள்ளவில்லை. 1789-ம் வருஷம் ஜூலையில் பிரெஞ்சுக் காவல் படையினர் ஜனங்கள் பக்கம் சேர்ந்துகொண்டது சரித்திரம். கதையில் அந்தச் சிப்பாய்களுக்குத் தலைமை வகித்து, பிரபு பட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, பாஸ்டீல் கோட்டையைத் தாக்கிய அன்றைக்கு ஆஸ்கார் இறந்து போகிறாள். கல்யாணத்தில் முடியாத கதாநாயகி! வாசகிகள் அழுது தீர்த்தார்கள்.

1974-ல் இந்தக் கதையைத் தகராஸூகா கோஷ்டியே மேடையேற்றியது. கூட்டம் குறைந்து தள்ளாடிக்கொண்டிருந்த கோஷ்டியைத் தூக்கி நிறுத்தியது ஆஸ்கார்தான். நாடகத்தை இயக்கியவர்களில் ஒருவர் கஸுவோ ஹஸெகாவா. இளமையில் பெண் வேஷத்தில் பேர் வாங்கிய நடிகர். பெண் வேஷக்கார ஆண் சொல்லிக் கொடுக்க, ஆண் வேஷக்காரப் பெண், ஆணாக வளர்க்கப்பட்ட பெண்ணாக நடித்தாள். தலை சுற்றுகிறதல்லவா? 1979-ல் தொடங்கி 40 வாரங்கள் அனிமேயாகவும் ஓடியது. இந்த வாள்வீர வம்சத்தில் கடைசியாக 1997-ல் ஊதெனா என்று ஒருத்தி வந்தாள். சிறுவயதில் ஆறுதல் சொன்ன ராஜகுமாரனைக் கட்டிக்கொள்ள அவள் ஆசைப்படவில்லை. தானே ராஜகுமாரனாகிவிட ஆசைப்பட்டாள்!

இன்னொரு கிளையும் இருக்கிறது. அங்கே வாள் முக்கியமில்லை. 1958-ம் வருஷம் தோயே என்ற கம்பெனி, ஜப்பானின் முதல் முழு நீள வண்ண அனிமே படத்தை வெளியிட்டது. சீனத்து வெண்நாகக் கதை. காதலனின் உயிருக்காகத் தன் மாய சக்தியையெல்லாம் துறந்து மானிடப் பெண்ணாகிவிடுகிறாள் நாகதேவதை. அதைப் பார்த்துவிட்டு, பள்ளி இறுதி வகுப்பில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் சித்திர நாகதேவதை மேல் காதல் கொண்டுவிட்டான். அவன் பெயர் ஹயாவோ மியாஸாகி. 1963-ல் அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான்.

அந்தச் சித்திரக் கூடத்தில் வரிசை வரிசையாக உட்கார்ந்து படங்களுக்கு நடுப்படம் போட்டவர்களிலும், வர்ணம் தீட்டியவர்களிலும் பெண்கள் ஏராளம். கல்யாணமானால், பிள்ளை பெற்றால், மேஜையைக் காலி செய்துவிட வேண்டும் என்பது அந்தக் காலத்து எதிர்பார்ப்பு. ரெய்கோ ஒகுயாமா என்ற பெண் 1957-ல் அங்கே சேர்ந்தார். "தோகா" என்றால் குழந்தைகளுக்கான சித்திரம் என்றும் பொருள், அசையும் சித்திரம் என்றும் பொருள், உச்சரிப்பு ஒன்றே. முதலாவது என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பம் போட்டாராம்! 1963-ல் உடன் வேலை பார்த்த யோயிசி கொதாபேயை மணந்தார், குழந்தை பிறந்தது, மேஜையை மட்டும் காலி செய்யவில்லை. 2019-ல் ஜப்பானிய வானொலி–டெலிவிஷன் நிலையமான என்.எச்.கே. நடத்திய தினத்தொடர் ஒன்றுக்கு அவருடைய வாழ்க்கை மூலாதாரமாயிற்று. ஸஃபையரின் டெலிவிஷன் படத்துக்குச் சித்திரத் தலைமை வகித்த கஸுகோ நகமுராவும் இதே தோயே கூடத்திலிருந்து கிளம்பியவர்தான். திரையில் வாள் சுழற்றியவளைவிட, பென்ஸில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திராத இந்தப் பெண்களின் பிடிவாதம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மியாஸாகி வேலை கற்றுக்கொண்டது இவர்கள் நடுவில்.

1984-ம் வருஷம் மார்ச் மாதம் அவருடைய "காற்று வெளி நாவ்ஸிகா" வெளிவந்தது. உலகத்தின் பெரும்பகுதியை விஷக் காடு விழுங்கிவிட்டது. அதில் மலை போன்ற பூச்சிகள் வாழ்கின்றன. எல்லோரும் காட்டைக் கொளுத்தப் பார்க்கிறார்கள். ஒரு சின்னப் பள்ளத்தாக்கின் ராஜகுமாரி மட்டும் நிலவறையில் அந்தச் செடிகளை வளர்த்துப் பார்க்கிறாள். நல்ல மண்ணும் நல்ல தண்ணீரும் கிடைத்தால் அவை விஷத்தைக் கக்குவதில்லை என்று கண்டுபிடிக்கிறாள். அவளுக்கும் வாள் வரும். தகப்பனாரைக் கொன்ற சிப்பாய்களைக் கண்மண் தெரியாமல் வெட்டிச் சாய்க்கிறாள். பிறகு தன் கோபத்தைக் கண்டு தானே நடுங்குகிறாள். எதிரிப் படையின் தளபதியும் ஒரு பெண் என்பதைக் கவனிக்க வேண்டும். யாருக்கும் வேஷமில்லை. ஏன் பெண் போர் செய்கிறாள் என்று படத்தில் ஒருவரும் கேட்பதுகூட இல்லை. பதினேழு வருஷம் கழித்து அவர் எடுத்த "ஸ்பிரிட்டட் அவே" படத்தில் வாளும் கிடையாது, ராஜ்யமும் கிடையாது. பத்து வயதுப் பெண் சிஹிரோ, தேவர்கள் குளிக்க வரும் வெந்நீர் விடுதியில் தரை துடைத்துத் தாய் தகப்பனாரை மீட்கிறாள். (மறுபடியும் ஒரு வெந்நீர் விடுதி!) 2003-ல் ஹாலிவுட்டில் ஆஸ்கார் பரிசு பெற்ற படம் அது.

நாவ்ஸிகா என்ற பெயர் ஹோமரின் காவியத்திலிருந்து எடுத்தது. கரையில் ஒதுங்கிய ஒடிஸியஸைக் கண்டு தோழிகள் ஓட, ஓடாமல் நின்ற ராஜகுமாரி அவள். மியாஸாகி அவளோடு இன்னொருத்தியையும் சேர்த்துப் பிசைந்ததாகச் சொல்லியிருக்கிறார். "த்ஸுத்ஸுமி சூனகோன் மோனோகதாரி" என்ற பழைய ஜப்பானியக் கதைத் தொகுதியில் வரும், பூச்சிகளை நேசித்த பிரபுவின் மகள். மற்றப் பெண்கள் வண்ணத்துப் பூச்சியை ரசித்தபோது, அவள் கம்பளிப் புழுவைப் பெட்டியில் வளர்த்தாள். எது எதிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டுமாம். பல்லைக் கறுப்பாக்கிக்கொள்ளவில்லை, புருவத்தைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. பெற்றோர் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஓர் இளைஞன் பொம்மைப் பாம்பு அனுப்பிக் கேலி செய்தான். அவளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று மியாஸாகிக்குத் தீராத ஏக்கம். மூலக் கதையில் பதில் இல்லை. மீதி இரண்டாம் சுவடியில் இருக்கிறது என்று எழுதி முடித்திருக்கிறார்கள். அந்த இரண்டாம் சுவடியை யாரும் பார்த்ததில்லை.