விளக்கை மறைத்து ஓடிய வண்டிகள்

தெற்கு ஜேர்மனியில் பழைய பண்ணைக் களஞ்சியங்களைத் துப்புரவாக்கும்போது, சிலவேளை இரண்டு சில்லுப் பெட்டி வண்டி ஒன்று அகப்படும். எங்கள் ஊர் ரக்ரர் பெட்டியை ஒத்தது. உரமும் விறகும் ஏற்றி நிறம் மாறியிருக்கும். சுரண்டினால் அடியில் இராணுவப் பச்சை தெரியும். 1945இற்குப் பிறகு அமெரிக்க இராணுவம் கைவிட்ட தளபாடங்களை ஷ்டேக் என்ற அரச நிறுவனம் பொதுமக்களுக்கு விற்றது. அப்படி வந்தவையும் இவற்றில் உண்டு. லொறிகள் இயந்திரம் பழுதாகி இரும்புக் கடைக்குப் போயின. பழுதாக இயந்திரமே இல்லாத பெட்டிகள் தப்பிவிட்டன. ஆனால் போர் வரலாற்றை எழுதியவர்கள் லொறியைப் பற்றி எழுதினார்கள். அதன் பின்னால் வந்ததைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

அது யாருடைய வண்டி என்று கண்டுபிடிக்க முதலில் பார்க்கவேண்டியது முன்னால் நீண்டிருக்கும் இழுவைச் சட்டத்தின் வளையத்தை. அமெரிக்க வண்டியில் மூன்று அங்குல உள்வட்டம் கொண்ட பெரிய வளையம் இருக்கும். இன்றைய ஜேர்மன் லொறிகளுக்கான இழுவைக் கண்ணின் துளை 40 மில்லிமீற்றர்தான். அதனால் யாராவது ஒரு விவசாயி பழையதை வெட்டி எறிந்து புதியதை ஒட்டியிருப்பார். அப்போது தகட்டைத் தேடவேண்டும். அமெரிக்கர்கள் தங்கள் உதிரிப்பாகப் பட்டியலில் ஒவ்வொரு வாகன வகைக்கும் 'ஜி' எழுத்தும் ஒரு எண்ணும் கொடுத்தார்கள். ஜி-518 என்றால் ஒரு தொன் பெட்டி. அதைப் பல நிறுவனங்கள் செய்தபோதும், மில்வாக்கியில் இருந்த ஒன்றின் பெயரால் எல்லாவற்றையும் 'பென்-ஹர்' என்றே சேகரிப்பாளர்கள் அழைக்கிறார்கள். ஜி-529 என்றால் ஜீப்புக்குப் பின்னால் ஓடிய கால் தொன் பெட்டி. அதைச் செய்த நிறுவனங்களில் ஒன்றான பான்ரம்தான் 1940இல் முதல் ஜீப்பைச் செய்து காட்டியது. பெரிய கட்டளைகளோ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. தான் பெற்ற பிள்ளையை இன்னொருவர் வளர்க்க, அதன் பின்னால் ஓடும் பெட்டியைச் செய்யும் வேலைதான் பான்ரமுக்கு மிஞ்சியது.

ஜேர்மன் இராணுவம் தன் பெட்டிகளுக்கு 'ஸொண்டர்அன்ஹெங்கர்', அதாவது சிறப்பு இழுவை வண்டி என்று பெயரிட்டு இலக்கமிட்டது. இலக்கத்தைப் பார்த்தாலே வேலை தெரிந்துவிடும். 51 சிறிய விமான எதிர்ப்புப் பீரங்கிக்கு, 202 பெரிய 8.8 சென்ரிமீற்றர் பீரங்கிக்கு, 116 தாங்கியையே ஏற்றிச் செல்ல.

அடையாளம் தெரிந்த பிறகுதான் வயர் வேலை. போர்க்கால அமெரிக்க வண்டிகள் 6 வோல்ற்றில் ஓடின. இன்றைய கார் 12 வோல்ற். பழைய பல்ப்பை அப்படியே மாட்டினால் நாலு மடங்கு சக்தி பாய்ந்து அது உடனே எரிந்துபோகும். துணி சுற்றிய பழைய வயருக்குள் இருக்கும் றப்பர் கை பட்டாலே பொடியாகும். இன்றைய ஏழு முள் சொக்கட்டின் நிறங்களை மனப்பாடம் செய்வது நல்லது: மஞ்சள் இடப்பக்கச் சமிக்ஞை, பச்சை வலப்பக்கம், சிவப்பு பிறேக், கறுப்பும் மண்ணிறமும் இரு பின்விளக்குகள், நீலம் பனிமூட்ட விளக்கு. வெள்ளை புவித்தொடுப்பு. அதிகமாகச் சதி செய்வது இந்த வெள்ளைதான். பழைய வண்டிகளில் மின்சாரம் இரும்புச் சட்டத்தின் வழியாகவே திரும்பியது. எண்பது வருடத் துருவுக்குப் பிறகு அந்த வழியை நம்பமுடியாது. திரும்பும் வழி அடைபட்டால் மின்சாரம் இன்னொரு பல்ப்பைச் சுற்றிப் போகும். பிறேக்கை மிதித்தால் சமிக்ஞை விளக்கு மங்கலாக எரியும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி வெள்ளை வயர் போட்டால் இந்தத் தலையிடி வராது.

ஆனால் இந்த வண்டிகளின் சொந்த விளக்குகள் வேறு நோக்கத்துக்காகப் பிறந்தவை. ரியூவ் பரிசோதகர் இன்று கேட்பது, தூரத்திலிருந்தே வண்டி தெரியவேண்டும் என்பதை. அன்றைய பொறியியலாளர்களிடம் கேட்கப்பட்டதோ, விமானத்துக்குத் தெரியாமல் பின்னால் வரும் சாரதிக்கு மட்டும் தெரியவேண்டும் என்பது. அமெரிக்க இருட்டடிப்பு விளக்கில் சிறு கீற்றுகள்தான் உண்டு. 180 அடிக்கு அப்பாலிருந்து பார்த்தால் ஒரே புள்ளி, கிட்ட வந்தால் இரண்டு, 60 அடிக்குள் நான்கு. சாரதி புள்ளிகளை எண்ணித் தன் இடைவெளியை அறிந்துகொள்வார். ஜேர்மனியரின் நோட்டெக் பின்விளக்கும் பச்சைச் சாளரங்களால் இதையே செய்தது. லொறியின் விளக்கைப் பெட்டி மறைத்துவிடும் என்பதால் அதே விளக்கு பெட்டியிலும் வேண்டியிருந்தது. ஜீப்பின் விளக்குச் சுவிட்சில் முதலில் வருவது இருட்டடிப்பு. சாதாரண வெளிச்சம் வேண்டுமென்றால் தனியாக ஒரு பூட்டுப் பொத்தானை அழுத்தவேண்டும். கை தவறி வெளிச்சம் போய்விடக் கூடாது.

கிளாலிக் கடலேரியை இரவில் விளக்கணைத்த படகில் கடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுப் போனவர்களுக்கு ரக்ரர் பெட்டி என்றால் என்னவென்றும் தெரியும். இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு வாகனக் கண்காட்சியில் இராணுவ லொறி ஒரு அழகான பழைய இயந்திரம். பக்கத்தில் நிற்கும் தாய்க்கு அந்த டீசல் சத்தமே வேறு. இரண்டு பேரையும் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிள்ளை தகட்டைக் குனிந்து வாசிக்கும்போது, அந்த வண்டியை யார் செய்தார்கள் என்று கேட்கப் பழக்கலாம்.

ஏனென்றால் அங்கேயும் ஒரு இருட்டடிப்பு இருக்கிறது. போர்க்கால ஜேர்மன் ஆயுதங்களிலும் பல பாகங்களிலும் தொழிற்சாலையின் பெயர் இல்லை, சங்கேத எழுத்துகளே உண்டு. 'பி வை எஃப்' என்றால் ஓபெர்ன்டோர்ஃபில் இருந்த மௌசர். குண்டுவீச்சுக்கு இலக்காகாமல் இருக்கவும் உற்பத்தியின் அளவை ஒளிக்கவும் செய்த ஏற்பாடு. இன்று அந்த எழுத்துகளுக்கு அட்டவணை உண்டு, சேகரிப்பாளர் நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். கழுகும் சுவஸ்திக்காவும் பொறித்திருந்தால், குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவை நினைத்து அதை மறைத்தபின்தான் வண்டியை வெளியே கொண்டுவருவார். தொழிற்சாலைக்குள் இருந்தவர்களைத்தான் எந்த அட்டவணையும் காட்டாது. 1944இல் டைம்லர்-பென்ஸில் வேலை செய்த 63,610 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் கட்டாயத் தொழிலாளர்கள், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள். அவர்களுக்கான இழப்பீட்டு நிதியத்தை ஜேர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து அமைத்தது 2000இல்தான். 2001 முதல் 2007 வரை, பல நிறுவனங்களிலும் வேலை வாங்கப்பட்ட 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள்.