செட்டிநாட்டுச் சமையல்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் முதலிய ஊர்களில் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் உருவான சமையல் முறை. கொடுக்கல் வாங்கலுக்காகக் கடல் கடந்தவர்களின் சாப்பாடு இது. இன்று அதன் அடையாளமாகிவிட்ட எரியும் காரம், வீட்டு அடுப்படியைவிட உணவகங்களுக்கே அதிகம் கடன்பட்டது.

செட்டிநாடு வானம் பார்த்த பூமி. காய்கறி கிடைக்கும்போதே வற்றல், வடகம் போட்டுப் பானைகளில் அடைத்துவைப்பார்கள், ஆட்டுக்கறி உப்புக்கண்டமாகும். நகரத்தாரிடம் ‘வேறு வைத்தல்’ என்றொரு வழக்கம் உண்டு. மகனுக்குத் திருமணமானதும் அதே வீட்டுக்குள் அவனுக்குத் தனி அடுப்பு. வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றிப் பல உலைகள் கொதித்த வீடுகளில், ஆச்சிகளின் கைப்பக்குவம் ஒன்றோடொன்று போட்டியிட்டிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

1852 ஆங்கிலேய-பர்மியப் போருக்குப் பின் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமானது. ஐராவதிக் கழிமுகத்தில் நெல் விளைச்சல் பெருகியது. உழவர்களுக்கு முன்பணம் கொடுத்தவர்கள் செட்டியார்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் நிலங்களே கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்கள் நிலம், 1938இல் 25 விழுக்காடானது. இலங்கை, மலாயா, சைகோன் எனக் கடைகள் விரிந்தன. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி எனப்படும் வட்டிக்கடைகளில் பகலில் கணக்கெழுதிய இடத்திலேயே இரவில் பாய் விரித்தார்கள். குடும்பம் ஊரில், ஒருமுறை போனால் கணக்கு மூன்று வருடம். ஊர்ச் சமையற்காரர் வடித்துப்போட்டதே சாப்பாடு.

போனவர்கள் திரும்புகையில் தேக்கும் எனாமல் அடுக்குகளும் மட்டும் வரவில்லை. பர்மாவின் கறுப்புக் கவுனி அரிசி வந்தது. இரவெல்லாம் ஊறவைத்து, குழைய வேகவிட்டு, சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய் சேர்த்துக் கிளறிய கவுனி இல்லாமல் இன்று செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தி நிறைவதில்லை. ரவையில் செய்யும் ரங்கோன் புட்டு பெயரிலேயே ஊரைச் சொல்கிறது. தென் சீனத்திலும் வட வியட்நாமிலும் விளையும் அன்னாசிப்பூ, கல்பாசியோடும் சோம்போடும் மசாலாவில் சேர்ந்தது.

ஆனாலும் இம்முறையின் நுட்பம் மசாலாவில் இல்லை, பலகாரத்தில் இருக்கிறது. வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி அளந்து, அதன்மேல் கோபுரமாக நிற்குமளவு உளுந்து வைப்பார்கள், அளவு அவ்வளவுதான். ஊறவைத்து வெண்ணெய்போல அரைத்து, புளிக்கவிடாமல், காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால் மேலெழும்பிவரும். ஒரு நேரத்துக்கு ஒன்றுதான். சிவக்கவிட்டால் பெயர் கெட்டது. கூட மிளகாய்த் துவையல். கந்தரப்பம், சீயம், கும்மாயம், மணகோலம் எல்லாம் இந்த வரிசையில் வருபவை.

1942இல் ஜப்பானியர் படையெடுப்பும், விடுதலைக்குப் பின் பர்மாவின் நில தேசியமயமும் அந்த வாழ்வை முடித்தன. அடுத்த பயணம் சமையலுக்கு வாய்த்தது. 1964இல் சென்னையில் தொடங்கிய அஞ்சப்பர் போன்ற அசைவ உணவகங்கள் ‘செட்டிநாடு’ என்ற பெயரைச் சிங்கப்பூர், வளைகுடா வரை கொண்டுபோயின; சைவப் பலகாரங்கள் பின்தங்கின. சிறுகூடல்பட்டியில் பிறந்த கவிஞர் கண்ணதாசனின் மகள் ரேவதி சண்முகம் தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளில் செய்துகாட்டிய பலகாரங்கள் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தன. காரைக்குடி ‘பங்களா’ விடுதியின் மீனாட்சி மெய்யப்பன் சுமீத் நாயருடன் சேர்ந்து அவ்விடுதிச் சமையலை ஆங்கில நூலாக்கினார். மிளகாய்ப்பொடியைக் கூட்டி எதற்கும் செட்டிநாடு என்று பெயர் வைக்கும் உணவகங்களோ இன்றும் பெருகிக்கொண்டுதான் இருக்கின்றன.