ஏக்கரில் ஒரு வீசம்

மலேசியத் தமிழில் ‘தோட்டம்’ என்ற சொல்லுக்குக் கீரைப்பாத்தி என்று பொருள் இல்லை. துரையின் ஆளுகையில் இருந்த ரப்பர்ப் பால்மரக்காடுதான் தோட்டம். சிலாங்கூர் மாநிலத்தின் கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டின் பின்னால் கத்தரியும் வெண்டையும் முருங்கையும் நின்ற துண்டு நிலத்துக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. அந்தக் கொல்லையை நிர்வாகத்தின் தயவு என்பார்கள் சிலர். ஊரிலிருந்து கூடவே வந்த உழவுப் பழக்கம் என்பார்கள் வேறு சிலர். கணக்கை விரித்துப் பார்த்தால் அது கூலியின் ஒரு பகுதி என்றே தோன்றுகிறது. காசாகக் கொடுக்க வேண்டியதை மண்ணாகக் கொடுத்தார்கள்.

இதற்கு முதல் சாட்சி அந்தக் கொல்லையின் பருவம். ரப்பர் மரம் தையிலும் மாசியிலும் இலை உதிர்க்கும். புதுத் தளிர் விடும்போது பால் வெகுவாகக் குறைந்துவிடும். பால் வடியும் மங்கு நிறையாத நாட்களில் பால்வெட்டுக்காரர் வருமானமும் சுருங்கும். சிலாங்கூர்க் கடலோரத்தில் மழை சற்று ஓய்ந்திருக்கும் காலமும் ஏறத்தாழ இதுவே. ஈரத்தில் காலைக் கவ்விப் பிடிக்கும் களிமண்ணைக் கொத்திப் புரட்டவும், வாய்க்கால் தூர் எடுத்துப் பாத்தியை உயர்த்தவும், மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் கலந்து மண்ணை ஆறப்போடவும் ஏற்ற நேரம் வேறில்லை. முருங்கைப் போத்து ஊன்றி, பாகலுக்கும் புடலைக்கும் பந்தல் கட்டி, விதை போட்டு வைத்தால் ஏப்ரல் மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கை காய்ந்த மாதங்களே விதைப்பு மாதங்களாகவும் இருந்தன. பொழுதுபோக்குக்கு இப்படி ஒரு நாட்காட்டி அமையாது.

இரண்டாவது சாட்சி சட்டம். குடும்பம் உள்ள தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, பழைய கணக்கில் ஒரு வீசம், பயிரிட ஒதுக்க வேண்டும் என்று காலனிக்காலத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இன்றைய அளவில் அது ஆறேகால் சென்ட். தயவு என்றால் அதற்குச் சட்டம் எதற்கு? அந்த நிலம் எதை ஈடுகட்டியது என்பதைப் பொருளாதார நெருக்கடிக் காலம் காட்டுகிறது. நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்த கூலி, ரப்பர் விலை சரிந்த 1930-இல் 40 காசாகவும் 32 காசாகவும் இறங்கியது. பின்னர் இன்னும் கீழே போனது. பல்லாயிரம் பேர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தங்கியவர்களின் உலைக்குக் குறைந்ததைக் கொல்லை கொடுத்தது. 1942-க்குப் பின் ஜப்பானியர் ஆட்சியில் அரிசி வரத்து அற்றபோது மரவள்ளியே சோறாகியது.

தமிழர் உழவர்கள், மண் கிடைத்தால் சும்மா இருக்கமாட்டார்கள் என்று மறுப்பவர்கள் உண்டு. மறுக்க வேண்டியதில்லை: கைத்திறன் ஊரிலிருந்து வந்ததுதான். ஆனால் திறமை இருந்தது என்பதால் தேவை இல்லை என்றாகிவிடாது. கொல்லை தொழிலாளியைத் தாங்கிப்பிடித்ததா, அடக்கிவைத்ததா என்றும் கேட்கலாம். இரண்டையும் செய்தது. காய்கறிச் செலவு குறைந்ததால் குறைந்த கூலியிலும் குடும்பம் ஓடியது. லாபம் நிர்வாகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும், வீட்டோடு காய்த்து நிற்கும் முருங்கையும் போகும். ஆனாலும் கத்தரிக்காய் கூலிக்கு ஈடாகிவிடவில்லை. 1941-இல் கிள்ளானில் மூண்டு கோல சிலாங்கூர் வரை பரவிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். துரையின் எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையும் கேட்டார்கள்.

கொல்லையின் முடிவு தொடங்கியதும் இதே வட்டாரத்தில்தான். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தமிழில் தென்னையின் பெயர் தாங்கிய தென்னமரம் தோட்டத்தில், 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோகோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். பிற்காலத்தில் ரப்பரை அகற்றிவிட்டு எங்கும் பரவிய செம்பனைக்கு இலையுதிர் காலம் கிடையாது. குலை ஆண்டு முழுவதும் இறங்கும். கொல்லையின் பருவம் முதலில் போனது. தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது நிலமும் போனது. 1980-இல் வந்த பணிநிறுத்த ஈட்டு விதிகள், ஐந்தாண்டோ அதற்கு மேலோ உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி என்று ஈட்டை அளந்தன. அளவுகோல் காசுக்கூலி மட்டுமே என்பதால் மண்ணாகக் கொடுத்த கூலி அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. தோட்டத்தை விட்டு வெளியேறும் குடும்பம் வீட்டுமனை கேட்டால் அதைச் சலுகை என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால் அதற்குப் பொருத்தமான பெயர் நிலுவை.