ரப்பெற் சரிசெய்ய கராச் தேவையில்லை: வன்னியில் பழைய மோட்டார் சைக்கிளைக் காப்பாற்றுவது

விசுவமடுவில் இருந்தோ முத்தையன்கட்டில் இருந்தோ கிளிநொச்சி வைத்தியசாலைக்குப் போய்வரும் ஒருவருக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய பைக்குகளின் விலையும் ஏறிவிட்டது. 2025 இல் தடை தளர்ந்தாலும், புதியது வாங்கக்கூடியவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

நான் கராச்காரன் அல்ல. என்னுடைய எம்.டி. 90 ஐ நானே பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் இது சாதாரண விடயம். சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடினோம். மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. கரி வால்விலும் சைலன்சரிலும் படியும். ஹெட்டைக் கழற்றிச் சுரண்டப் பழகாமல் அன்று பைக் வைத்திருக்க முடியாது. 2009 இல் கைவிடப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் முல்லைத்தீவுப் பக்கம் துருப்பிடித்துக் குவிந்து கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். அவற்றோடு அந்தக் கைப்பழக்கமும் போய்விட்டது என்றே எனக்குப் படுகிறது.

வால்வுக்கும் அதை அழுத்தும் ரொக்கர் ஆமுக்கும் இடையில் மிகச் சிறிய இடைவெளி இருக்க வேண்டும். அது கூடினால் 'டிக் டிக்' என்று சத்தம் வரும், எல்லோரும் பயப்படுவார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது இடைவெளி குறைந்த வால்வுக்குத்தான். அது சத்தமே போடாது. வால்வு முழுதாக மூடாமல் சூடான வாயு கசிந்து, வெளியேற்றும் வால்வின் விளிம்பு கருகும். சூடான எஞ்சின் உதைக்கு எழும்பாமல் அடம்பிடித்தால், இழுவையும் குறைந்தால், முதலில் இதைப் பாருங்கள்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்தி விடியப் பார்ப்பது நல்லது. பிளக்கைக் கழற்றினால் சுற்றுவது இலகு. ஹெட்டில் இருக்கும் இரண்டு ரப்பெற் மூடிகளையும், இடப்பக்கச் சக்கர மூடியையும் கழற்றுங்கள். சில எஞ்சின்களில் கொஞ்சம் ஒயில் வரும், கீழே ஒரு தட்டு வையுங்கள். சிறிய ஹொண்டாக்களில் சக்கரத்தை இடஞ்சுழியாகச் சுற்றி 'டி' அடையாளத்தைக் குறிக்கு நேரே நிறுத்துங்கள். இரண்டு ரொக்கர்களும் விரலுக்கு மெல்ல ஆட வேண்டும். ஒன்று இறுகியிருந்தால் இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். பெரும்பாலும் பிழைப்பது இந்த இடத்தில்தான்.

எம்.டி. 90, சி 90 போன்றவற்றுக்கு இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீற்றர். பஜாஜ், ஹீரோ வைத்திருப்பவர்கள் தங்கள் மொடலின் கைநூலில் உள்ள அளவையே எடுக்க வேண்டும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று வேறுபடலாம். பீலர் கேஜின் தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு இழுபட வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது நடுத்திருகும் சேர்ந்து திரும்பிவிடும். அதைப் பிடித்துக்கொண்டே இறுக்கி, மறுபடி அளந்து பாருங்கள்.

கேஜுக்குப் பதிலாகச் சவர பிளேட் வைப்பவர்கள் உண்டு. பிளேட்டின் தடிப்பு ஏறக்குறைய 0.10 மில்லிமீற்றர், அதாவது தேவையானதைப் போல இரண்டு மடங்கு. எங்கள் ஒழுங்கையில் ஒரே கேஜ் நான்கு வீட்டுக்குப் போய்வருகிறது. ஒயில் தடவித் திருப்பித் தர வேண்டும், அதுதான் ஒப்பந்தம். கணவனை இழந்து ஸ்கூட்டி ஓட்டிப் பிழைக்கும் ஒரு அக்காவும் அதில் சேர்ந்திருக்கிறா. ஸ்கூட்டியில் மேல்மூடிகள் கழற்றுவதே பாதி வேலை என்பது அவவின் முறைப்பாடு.

உதிரிப்பாகம் வாங்கப் போகும்போது பழையதைக் கழுவிக் கையோடு கொண்டுபோங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் இருப்பதைத்தான் தருவார். மூடி ஓரிங், கேஸ்கட் எல்லாம் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மலிவாக வாங்கலாம். ரப்பெற் திருகின் நுனி குழிந்திருந்தால் திருகை மட்டும் மாற்றினால் போதும். வால்வில் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம். அது உள்ளூரில் கிடைக்காவிட்டால், கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகும் யாரிடமாவது பழைய வால்வைக் கொடுத்துவிடுங்கள். கழற்றிய எஞ்சின்களின் பாகங்களும் அங்கே கிடைக்கும். தண்டு வளையாமல், விளிம்பு கருகாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்ததும் அரைக்கும் பசை பூசி, இருக்கையில் சுழற்றித் தேய்த்து, உட்குழாயில் கொஞ்சம் பெற்றோல் ஊற்றிப் பார்க்கலாம். கசியாவிட்டால் ஹெட்டைப் பூட்டலாம்.