நோயாளி ஏட்டிலிருந்து மருத்துவ இதழுக்கு

மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துவரும் மருத்துவர் தாம் கண்டதை எழுதி அச்சில் வெளியிடும் வழக்கம் தென்னிந்தியாவில் ஏறத்தாழ 180 ஆண்டுகளேனும் பழமையானது. இவ்வழக்கத்தின் அடிப்படை வடிவம் கேஸ் ரிப்போர்ட் எனப்படும் நோயாளர் குறிப்பாகும்; அதாவது, ஒரு நோயாளியிடமோ ஒரே வகை நோயாளிகள் சிலரிடமோ கண்ட அறிகுறிகளையும், அளித்த சிகிச்சையையும், அதன் முடிவையும் பிற மருத்துவர்க்குப் பயன்படும்படி முறையாக எழுதிய சிறு கட்டுரை. சென்னை மாகாண மருத்துவமனைகளின் வரலாற்றை நோக்கினால், உலக மருத்துவ ஏட்டில் நிலைத்துவிட்ட பெயர்களுள் சில இத்தகைய குறிப்புகளிலிருந்தே பிறந்தன என்பதும், அவற்றை எழுதியவர்கள் ஓய்வு மிகுந்தவர்கள் அல்லர் என்பதும் புலப்படும். எழுத்து பிறந்ததும் பிறவாமற் போனதும் தனிமனித ஊக்கத்தை மட்டும் பொறுத்ததன்று. எழுதியதைப் படிப்பாரும் வாங்கி அச்சிடுவாரும் இருந்தனரா என்பதையும் பொறுத்தே அமைந்தது.

இதற்கு முதற்சான்று மதுரையிலிருந்து கிடைக்கிறது. வெளிநோயாளிகளுக்கு மருந்து வழங்கும் அரசு மருந்தகம் அங்கு நடந்துவந்த காலத்தில், அதன் மருத்துவராகிய கில் என்பவர் 1842-இல், பாதம் வீங்கி உருக்குலைந்து, பல புழைகளின் வழியே சீழும் குருணை போன்ற துகள்களும் வெளியேறும் ஒரு நோயைத் தம் அறிக்கையில் பதிவு செய்தார். வயலிலும் முள்ளிலும் வெறுங்காலுடன் நடப்போரை மிகுதியாகப் பற்றும் நோய் இது. 1846-இல் அதே மருந்தகத்தைச் சேர்ந்த கோல்புருக்கின் குறிப்பின் வழியே ‘மதுரைக் கால்’ என்ற பெயர் மருத்துவ எழுத்தில் இடம்பெற்றது. ஆயினும் அதே 1846-இல், அதே மாகாணத்தைச் சேர்ந்த பல்லாரியிலிருந்து காட்ஃப்ரே என்ற மருத்துவர் லண்டனின் ‘லான்செட்’ இதழுக்கு எழுதியபோது, இதனை எவராலும் இதுவரை விவரிக்கப்படாத பாத நோய் என்றே குறித்தார். அலுவலக அறிக்கையாக நின்ற எழுத்துக்கும் இதழில் ஏறிய எழுத்துக்கும் உள்ள தொலைவை இவ்வொரு நிகழ்ச்சியே அளந்து காட்டுகிறது.

அத்தொலைவைக் கடக்க உதவியது மருத்துவச் சங்கமாகும். மருத்துவர்கள் கூடி ஒருவர் கண்டதை மற்றவர் கேட்டு விவாதித்து, பின்னர் அதனைத் தொகுதியாக அச்சிடும் இத்தகைய அமைப்பு பம்பாயில் இருந்தது. அங்கு கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், 1858-இல் வெளிவந்த ‘கிரேஸ் அனாட்டமி’ நூலுக்குப் படம் வரைந்தவர், 1860-இல் இந்நோய் பூஞ்சையால் வருவதென அச்சங்கத்தின் தொகுதியில் எழுதி, அதற்கு ‘மைசீட்டோமா’ என்று பெயரிட்டார். 1874-இல் அதனை விரித்துத் தனிநூலாக்கினார். இந்நோயை உண்டாக்கும் பூஞ்சைகளுள் ஒன்றின் பேரினப் பெயர் இன்றும் ‘மதுரெல்லா’ என்றே வழங்குகிறது. சிறிய மருந்தகம் ஒன்றில் எழுதப்பட்ட குறிப்பின் ஊர்ப்பெயர் இவ்வாறு உயிரியல் பெயராகவே நிலைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் மைசீட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2016-இல்தான்.

எழுதத் தாமதிப்பதன் விலையை 1903-ஆம் ஆண்டு காட்டியது. காலா அசார் என்பது நீடித்த காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் உண்டாக்கி, சிகிச்சையின்றேல் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும் நோய். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டமில் பணியாற்றித் திரும்பிய படைவீரர் ஒருவர் இங்கிலாந்தில் இறந்தபோது, அவரது மண்ணீரலில் நுண்ணிய உருக்களை இராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மன் 1900-இலேயே கண்டிருந்தும், அதனை வெளியிட்டது 1903 மே மாதத்தில்தான். சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் மருத்துவரும் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியருமாகிய சார்லஸ் டோனவன், அவ்வாண்டின் முற்பகுதியில் இறந்தோரின் மண்ணீரலில் அதே உருக்களைக் கண்டிருந்தார். எனினும் அவற்றின் பொருள் தெளிவாகாததால் அவர் எழுதவில்லை. லீஷ்மனின் கட்டுரை வந்ததும், ஜூன் 17 அன்று உயிரோடிருந்த நோயாளி ஒருவரின் மண்ணீரலிலிருந்து எடுத்த இரத்தத்திலும் அவற்றைக் கண்டு, அவை இறப்பிற்குப் பின் தோன்றும் மாற்றமல்ல என உறுதிசெய்து, உடனே எழுதினார். அச்சிறு குறிப்பு ஜூலை 11 அன்று ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளிவந்தது. கப்பல் அஞ்சலின் காலத்தில் ஒரு மாதத்திற்குள் இது நிகழ்ந்தது. காலா அசாரை உண்டாக்கும் ஒட்டுண்ணிகளே அவ்வுருக்கள்; அந்த ஒட்டுண்ணிக்கு ‘லீஷ்மேனியா டோனவானி’ என்று மருத்துவ ஆய்வாளர் ரொனால்டு ராஸ் பெயரிட்டதால், ஆய்வுக்கூடத்தில் கண்டவரின் பெயரும் நோயாளியிடம் கண்டவரின் பெயரும் ஒருங்கே நின்றன. ஒருவர் அச்சிட்டதே மற்றவரை எழுதத் தூண்டியது என்பது இவ்வரலாற்றில் கருதத்தக்கது.

மருத்துவமனை எழுத்தைத் தனியொருவரின் முயற்சியிலிருந்து கூட்டுப் பணியாக மாற்றிய பெருமை, 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையத்தையே சாரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்திய இம்மையம், காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மறு பிரிவினருக்குச் சானட்டோரியம் எனப்படும் உறைவிட மருத்துவமனையிலும் ஒரே மருந்துகளை அளித்து ஒப்பிட்டது. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஏறத்தாழ 90 பக்கங்களில் வெளிவந்த அவ்வறிக்கையின் ஆசிரியராக எந்தத் தனிமனிதர் பெயரும் முன்னிறுத்தப்படாமல், மையத்தின் பெயரே இடப்பட்டது. வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தது என்ற அதன் முடிவு, உலகெங்கும் காசநோயாளிகளை மாதக்கணக்கில் படுக்கையில் வைத்திருக்கும் முறை மறைவதற்கு வழிவகுத்தது. பதிவேடு எழுதுதலும், கணக்கிடலும், அறிக்கை வரைதலும் அங்கு அன்றாடப் பணியின் பகுதியாகவே இருந்தன. வேலை முடிந்தபின் மிஞ்சும் நேரத்துக்கென அவை ஒதுக்கப்படவில்லை.

பெரிய நிதியுதவி இல்லாமலும் இத்தகைய கூட்டு எழுத்து இயலும் என்பதற்குச் சென்னையின் நரம்பியல் துறை சான்று. மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர், இளவயதினரிடம் கை கால் தசைகள் மெலிவதோடு முகத் தசைகளின் தளர்ச்சியும் செவிக் குறைபாடும் சேர்ந்து, மெதுவாக வளரும் ஒரு வகை இயக்க நரம்பு நோயை 1970-இல் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் விவரித்தனர். தம்மிடம் வந்த நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்ததே அதன் அடிப்படை. உலகப் பாடநூல்களில் அது ‘மெட்ராஸ்’ வகை என்றே குறிக்கப்படுகிறது.

இம்மரபு பரவலாக வேரூன்றவில்லை என்பதைப் பிற்காலக் கணக்கு காட்டுகிறது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, இந்தியாவின் 579 மருத்துவ நிறுவனங்களுள் 332 நிறுவனங்கள் 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டுகளில் ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. வெளிநோயாளர் பிரிவின் நெரிசலும் இரவுப் பணியும் இதற்குக் காரணங்களே. ஆனால் அவை மட்டுமே காரணமாயின், மதுரை மருந்தகமும் சென்னைப் பொது மருத்துவமனையும் எதையும் எழுதியிருக்க இயலாது. மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளை வேண்டிய 2015-ஆம் ஆண்டின் விதி, நோயாளர் குறிப்பைக் கணக்கில் கொள்ளவில்லை. கில்லும் காட்ஃப்ரேயும் டோனவனும் எழுதிய வடிவமே இவ்வாறு மதிப்பிழந்தது.

ஆகவே, வேலை மிகுந்த மருத்துவரை எழுதவைக்க விரும்பும் மருத்துவமனைகள் பெரும் ஆய்வை முதலில் எதிர்பார்க்காமல், சிறு குறிப்புக்கு உரிய மதிப்பையும், அதைப் படித்துத் திருத்த ஒரு மூத்தவரையும், பணி நேரத்திற்குள்ளேயே வாரத்தில் சில மணி நேரத்தையும் தருதல் வேண்டும். மதுரையின் பெயர் ஒரு பூஞ்சைக்கு நிலைத்ததும், டோனவனின் பெயர் ஓர் ஒட்டுண்ணிக்கு வாய்த்ததும் சில பத்திக் குறிப்புகளால்தான்.